இணைப்பு மொழி

2025ஆம் ஆண்டு யூன் மாதம் 23ஆந் திகதி இரவு, ஒன்பது மணிக்குச் சிறிது பின்னர், கட்டார் நாடு தன் வான்பரப்பை மூடியது. சற்று நேரத்தில், அந்நாட்டிலுள்ள அல் உதெயித் என்னும் அமெரிக்க விமானத் தளத்தின்மேல் ஈரான் ஏவுகணைகளை ஏவியது. பஹ்ரெயின், குவைத், ஐக்கிய அரபு இராச்சியம் என்பனவும் அன்றிரவு தத்தம் வானைச் சில மணிநேரம் அடைத்துவைத்தன. உலகப் படத்திலே அது ஒரு சிறு மூலை. ஆயின், கீழைத்தேசத்திலிருந்து ஐரோப்பாவுக்குச் செல்லும் விமானங்கள் பல அம்மூலையிலே இறங்கியேறித்தான் போகின்றன. இலண்டனில் வாழும் என் தங்கையின் மகளுக்குத் திருமணம் நிகழவிருந்தமையால், பாடசாலையில் விடுமுறை பெற்று, டோஹா வழியாகச் செல்ல நானும் சீட்டு வாங்கியிருந்தேன். கட்டுநாயக்கா விமான நிலையத்தில் கடவுச்சீட்டுக்கு முத்திரை விழுந்தாயிற்று. இனி ஊருக்குத் திரும்பவும் இயலாது. மேலே செல்லவும் இயலாது. திரிசங்கு சுவர்க்கத்தைப் பற்றி வகுப்பிலே பலமுறை விளக்கியிருக்கிறேன். அதன் பொருள் என் இடுப்புக்கும் முழங்காலுக்கும் விளங்கியது அன்றிரவுதான்.

அந்தப் போரின் காரண காரியங்களை ஆராய வல்லவர்கள் ஆராய்ந்து எழுதிவிட்டார்கள். நான் சொல்லவந்தது, அப்போரின் புண்ணியத்தால் ஒரு மண்டபத்தில் கூட்டப்பெற்ற அந்நியர் சிலர் தம்முள் பேசிக்கொண்ட வகையைப் பற்றி. அந்நியர் என்றேன். அவருள் பெரும்பாலார் என் நாட்டவரே.

மண்டபத்திலே இருநூறு பேர்வரை இருந்திருப்போம். கடற்கரைகளிலே வெயில் காய்ந்து சிவந்த வெள்ளைக்காரர் சிலர். இத்தாலி செல்லும் சிங்களக் குடும்பங்கள் சில. மற்றையோரிற் பலர் வளைகுடா நாடுகளுக்குத் தொழில் தேடிச் செல்வோர். வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் என்றொரு நிறுவனத்தை நம் அரசு 1985இல் அமைத்தது. பொருளாதாரம் நிலைகுலைந்த 2022ஆம் ஆண்டில் மாத்திரம் மூன்று இலட்சத்துக்கு மேற்பட்டோர் தொழிலின்பொருட்டு இந்நாட்டை விட்டுச் சென்றனர். புலம்பெயர்ந்து உழைப்போர் அனுப்பிய பணம் 2024இல் 600 கோடி டொலரைக் கடந்தது. நாட்டைத் தாங்கும் அத்தூண்களுட் சில, பிளாத்திக்குக் கதிரைகளிலே தலை சாய்த்துக்கிடந்தன.

முதல் ஒரு மணிநேரம் எவரும் எவரோடும் பேசவில்லை. ஒவ்வொருவர் கையிலும் தொலைபேசி இருந்தது. விமானம் புறப்படும் நேரம் பலகையினின்று அழிந்த பின்னரே மனிதர் ஒருவரையொருவர் நிமிர்ந்து பார்த்தனர்.

எனக்கு முன் வரிசையில் இரு பெண்கள். ஒருத்திக்கு நாற்பத்தைந்து வயதிருக்கலாம். மற்றவள் முப்பதைத் தாண்டாதவள். இளையவளின் தொலைபேசி மின்னேற்றம் தீர்ந்து அணைந்தது. மூத்தவள் தன் பையினின்று ஒரு கம்பியை எடுத்து நீட்டினாள். அதன் பின்னர் அவர்கள் பேசத் தொடங்கியவர்கள், பொழுது விடியும்வரை ஓயவில்லை. சில வேளை சிரித்தனர். சில வேளை தலையை ஆட்டிக் குரலைத் தாழ்த்தினர். நான் காது கொடுத்துக் கேட்டேன்; ஒற்றுக்கேட்டேன் என்று சொல்வதே உண்மை. தமிழன்று, சிங்களமுமன்று. 'மாமா' என்னுஞ் சொல் அடிக்கடி வந்தது. தாய்மாமனைப் பற்றிய குடும்ப வழக்கொன்று பேசுகிறார்கள்போலும் என்று எண்ணினேன். பண்டிதன் தன் அறிவைக்கொண்டு செய்த முதற்பிழை அது.

விடிவதற்குச் சற்றுமுன் மூத்தவள் முகங்கழுவச் சென்றபோது, இளையவள் திரும்பி என்னைப் பார்த்து, “ஐயா யாழ்ப்பாணமா?” என்றாள். மட்டக்களப்புப் படுவான்கரைப் பக்கத்துப் பேச்சு.

“ஓம் பிள்ளை. அந்த அம்மாவோட என்ன பாஷையில கதைச்சுக்கொண்டிருக்கிறியள்?”

“அரபு ஐயா. அக்காவுக்குத் தமிழ் தெரியா. எனக்குச் சிங்களம் தெரியா. அக்கா லெபனானில ஒன்பது வரிசம் நிண்டவ. நான் ஜோர்தானில நாலு வரிசம். இப்ப ரெண்டு பேரும் குவைத்துக்குப் போறம்.”

மாமா என்றது மாமனையன்று; அரபு வீட்டின் எசமானியை. எசமானன் 'பாபா'.

இதனை வாசிக்கும் ஆசிரியப் பெருமக்கள் ஒருகணம் நின்று எண்ணிப் பார்க்கவேண்டுகிறேன். குருநாகற் புறத்துப் பெண் ஒருத்தியும் படுவான்கரைப் பெண் ஒருத்தியும் ஒரே அரசின் பிரசைகள். ஒரே வகைக் கடவுச்சீட்டை ஏந்தியவர்கள். இலவசக் கல்வி கொடுத்த நாட்டின் பாடசாலைகளிலே ஒவ்வொருவரும் பத்தாண்டளவு படித்தவர்கள். ஒருத்தியின் துயரத்தை மற்றவள் அறிவதற்கு அவர்கள் இருவரும் கடல் கடந்து, பிறர் வீட்டுத் தரையைத் துடைத்து, மூன்றாவதொரு மொழியைக் கற்றுவர வேண்டியிருந்தது.

சட்டத்திலே குறைவில்லை. 1956ஆம் ஆண்டின் சட்டம் சிங்களத்தை மாத்திரம் அரசகரும மொழியாக்கியது. அச்சட்டத்தைக் கொணர்ந்த பிரதமரின் பெயரையே இவ்விமான நிலையம் தாங்கி நிற்கிறது. அதனால் விளைந்த கேடுகளை நான் இங்கே விரிக்கவேண்டியதில்லை; நம் வாசகர் வீடுதோறும் அறிவர். 1987இல் அரசியலமைப்புக்குச் செய்யப்பெற்ற பதின்மூன்றாவது திருத்தம் தமிழும் ஓர் அரசகரும மொழியாதல் வேண்டுமென்றது. ஆங்கிலம் இணைப்பு மொழி என்றது. 1991இல் அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கென ஒரு சட்டம் வந்தது. 2007ஆம் ஆண்டு யூலை முதலாந் திகதிக்குப் பின் அரசசேவையிற் சேர்வோர் ஐந்தாண்டுகளுக்குள் மற்றை மொழியிலும் தேர்ச்சி பெறவேண்டுமெனச் சுற்றறிக்கை பிறந்தது. ஆறாம் வகுப்பு முதலாகச் சிங்களப் பிள்ளைகளுக்குத் தமிழும், தமிழ்ப் பிள்ளைகளுக்குச் சிங்களமும் இரண்டாம் மொழியாக நேரசூசியில் இடம்பெற்றிருக்கின்றன. ஏட்டிலே எல்லாம் உண்டு. ஆயினும் அன்றிரவு அவ்விருவரையும் இணைத்தது, அரசியலமைப்பு எழுதியோர் கனவிலும் கருதாத மொழி.

இனி என் கதைக்கு வருகிறேன். என் அருகே வெள்ளைச் சேட்டு அணிந்த முதியவர் ஒருவர் இருந்தார். முன்னிரவு முழுவதும் நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துத் தலையசைத்ததன்றி வேறொன்றும் செய்தோமில்லை. நான் கையோடு கொண்டுசென்ற விடைத்தாள்களைச் சிவப்புப் பேனையால் திருத்துவதைக் கண்டு, “டீச்சர்?” என்றார். தாமும் ஆசிரியரே என்பதைக் கையாற் காட்டினார். தென்மாகாணத்துப் பாடசாலையொன்றில் சிங்கள இலக்கியம் கற்பித்து ஓய்வுபெற்றவர். மிலான் நகரத்திலிருக்கும் மகனைப் பார்க்கச் செல்பவர். இவ்வளவையும் ஆங்கிலத்திலே அறிந்துகொண்டோம். என் ஆங்கிலம் வாசிக்க உதவும். வாயைத் திறந்தால் நொண்டும். அவருடையதும் அத்தகையதே. மகன், மருமகள், மழை என்பவற்றோடு அம்மொழிச் செல்வம் இருவர்க்கும் ஒருங்கே வற்றியது. முப்பது ஆண்டு மொழி கற்பித்த இருவர் பேச்சின்றி இருந்தோம். எதிரே, பொதுத்தராதரப் பரீட்சையின் வாசலையும் மிதியாத இருவர் மூச்சுவிடாது பேசிக்கொண்டிருந்தனர்.

அந்த முதியவர் மூத்தவளிடம் சிங்களத்தில் ஏதோ கேட்டார். அவள் அதை அரபிலே இளையவளுக்குச் சொன்னாள். இளையவள் என் பக்கம் திரும்பினாள்: “ஐயாட பள்ளிக்கூடத்தில சிங்களம் படிப்பிக்கிறாங்களா எண்டு கேக்கிறார்.”

எளிய வினாத்தான். ஆயின் நான் விடை சொல்லத் தயங்கினேன். எங்கள் பாடசாலையிலே சிங்களத்துக்குப் பாடவேளை உண்டு, ஆசிரியர் இல்லை. வெள்ளிக்கிழமை ஏழாம் பாடவேளை அது. ஆளில்லாத வகுப்பு ஆரவாரம் செய்யாதிருக்க வேண்டும் என்பது ஒரு நியாயம். தமிழ்ப் பாடத்தைப் பரீட்சைக்குமுன் மீட்க வேண்டும் என்பது மற்றொரு நியாயம். இவ்விரண்டையும் சொல்லி, அப்பாடவேளையை அதிபரிடம் கேட்டு வாங்கியவன் நானே. ஆறாண்டுகளாக அது என் வசம் இருக்கிறது. மொழியுரிமைபற்றி மேடைகளிலே பேசியிருக்கிறேன். இதைப் பற்றி எங்கும் பேசியதில்லை.

“பாடம் இருக்குது. வாத்தியார் இல்லை. அந்த நேரத்தை நான்தான் எடுத்துத் தமிழ் படிப்பிக்கிறன் எண்டு சொல்லு பிள்ளை.”

அவள் சொன்னாள். மூத்தவள் சிங்களத்துக்கு மாற்றுமுன்னரே சிரித்துவிட்டாள். முதியவர் கேட்டார்; சிறிது நேரம் நிலத்தைப் பார்த்தார்; பின்பு சொல்லியது அரபுவழியாகத் திரும்பி வந்தது: “அங்கயும் அப்பிடித்தானாம் ஐயா. அவர்ர பள்ளிக்கூடத்தில தமிழ்ப் பாடத்தைக் கணக்குக்குக் குடுத்தாங்களாம்.”

இருவரும் சிரித்தோம். சிரிக்கத்தக்க செய்தியன்று, வேறென்ன செய்வதென்று தெரியவில்லை.

அதன்பின் அவருக்கு உற்சாகம் பிறந்தது. நீளமாக ஒரு கேள்வி கேட்டார். மூத்தவள் விழித்தாள், இளையவளிடம் ஓரிரு சொற் சொன்னாள், இளையவள் கையை விரித்தாள். “கவி பாட்டு மாதிரி என்னமோ கேக்கிறார் ஐயா. அதுக்கு எங்கட அரபியில சொல்லில்லை.”

ஊர் திரும்பிய பின்னர் இதனைப் பல்கலைக்கழகத்தில் மொழியியல் கற்பிக்கும் என் பழைய மாணாக்கர் ஒருவருக்குச் சொன்னேன். அவர் வியப்படையவில்லை. லெபனானிலே இலங்கைப் பணிப்பெண்களும் வீட்டெசமானிகளும் பேசும் கலப்பு அரபை ஃபிதா பிஸ்ரி என்னும் மொழியியலறிஞர் ஆராய்ந்து, 2010இல் பிரெஞ்சு மொழியில் நூலாக வெளியிட்டிருக்கிறார். 'பிட்ஜின் மடாம்' என்பது நூலின் பெயர்; அடிமைப்பணியின் இலக்கணம் என்ற கருத்துடையது அதன் துணைப்பெயர். அந்நூலிற் சொல்லப்பட்ட ஒரு செய்தி என்னை உறங்கவிடாது செய்தது. அக்கலப்பு மொழியின் வினைச்சொற்கள் பெரும்பாலும் பெண்பால் ஒருமை ஏவலிலிருந்து உண்டானவை என்பதே அது. காரணம் வெளிப்படை. அப்பெண்கள் அம்மொழியைக் கேட்டது எசமானியின் வாயிலிருந்து. எசமானி பேசியது ஏவல். கழுவு, கொண்டுவா, துடை, கிட்ட வா, போ. ஏவலாகக் கேட்ட அச்சொல்லையே அவர்கள் 'நான் கழுவினேன்', 'அவள் போவாள்' என்னும் பொருளுக்கும் வழங்குகிறார்கள்.

முப்பது ஆண்டாக வினைமுற்றுக்களை வகைப்படுத்திக் கற்பித்தவன் நான். தன்மை, முன்னிலை, படர்க்கை என்பனவும் இறந்தகாலம், நிகழ்காலம், எதிர்காலம் என்பனவும் எல்லாம் ஏவலிலே கரைந்துபோன ஓர் இலக்கணத்தை நான் கற்பனை செய்ததுமில்லை. அந்த இலக்கணத்தினுள்ளே நின்றுதான் மூத்தவள் இளையவளுக்கு அன்றிரவு புத்தி சொல்லியிருக்கிறாள். சொன்னவற்றை இளையவள் எனக்கு எடுத்துரைத்தாள்: கடவுச்சீட்டை வீட்டுக்காரர் வாங்கிவைத்துக்கொள்வர், ஆதலால் அதன் பிரதியொன்றை உடுப்புக்குள் தைத்துவை; சம்பளத்தை மாதந்தோறும் கேள், ஆண்டு முடிவிலே தருவோமென்றால் ஒப்புக்கொள்ளாதே; உள்ளே பூட்டினாற் சத்தம்போடாதே, தூதரகத்தின் தொலைபேசி இலக்கத்தை மனப்பாடம் செய். ஏவற்சொற்கள் அவ்வகையிலே தம் இயற்கைப் பொருளுக்குத் திரும்பிவிட்டன. ஏவுபவள் மாத்திரம் மாறிவிட்டாள்.

ஆயினும், கவிக்கு அதிலே சொல்லில்லை. முதியவர் விடுவாரில்லை. என் பக்கம் சாய்ந்து, ஒவ்வொரு சொல்லாக, “சந்தேஸ... காவ்ய...” என்றார். எனக்குத் தூக்கம் கலைந்தது. சந்தேச காவியம்! நம் தூதுப் பிரபந்தம்! “மேகதூதம்” என்றேன். “மேகதூத! காளிதாஸ!” என்று என் கையைப் பற்றினார். பின் நாங்கள் பேசியது ஒரு விசித்திரமான பேச்சு. வினையில்லை, வேற்றுமை உருபில்லை. நூற்பெயர்களாலும் வடசொற்களாலும் ஆகிய பேச்சு. தொட்டகமுவை ஸ்ரீ ராகுல தேரரின் செலலிஹினி சந்தேசத்தை அவர் சொன்னார். பதினைந்தாம் நூற்றாண்டிலே கோட்டையிலிருந்து களனியிலுள்ள விபீஷணனுக்கு நாகணவாய்ப் பறவையைத் தூதுவிட்ட நூல் அது. நான் நெஞ்சுவிடு தூதையும் தமிழ்விடு தூதையும் சொல்லி, நெஞ்சையும் நாவையும் தொட்டுக் காட்டினேன். அவர் புரிந்துகொண்டார் என்றே நம்புகிறேன்.

அடுத்து அவர், “கோகில...” என்று தொடங்கி, “யாபாபட்டுன” என்று கூறி, என்னைச் சுட்டிக் காட்டி நகைத்தார். கோகில சந்தேசம், தென்கோடியிலுள்ள தெவிநுவரையிலிருந்து யாழ்ப்பாணத்துக்குக் குயிலைத் தூதுவிடுவது. என் ஊருக்கு வந்த தூது. ஆனால் யாருக்கு வந்தது? யாழ்ப்பாண அரசைப் போரிலே வென்று அங்கு வீற்றிருந்த சப்புமல் குமாரனுக்கு. நம் நூல்கள் செண்பகப்பெருமாள் என வழங்குபவனுக்கு. குயில் வழிநெடுக எத்தனை சோலை கண்டதாயினும், அது வென்றவனிடம் சென்ற குயில். அதனை அவரும் அறிவார், நானும் அறிவேன். இருவரும் அதைச் சொல்லவில்லை. சொல்ல மொழியில்லை என்பது ஒரு காரணம். மொழியிருந்தாலும் அந்த நேரத்தில் நான் சொல்லியிரேன்.

இங்கே என்னைப் பற்றி ஒரு செய்தி கூறவேண்டும். வடசொல்லை இயன்றவரை விலக்கி எழுதுக என்று மாணவர்க்குச் சொல்பவன் நான். 'சப்பாத்து' என்று கட்டுரையில் எழுதினால் சிவப்புக் கோடிட்டுப் 'பாதணி' என்று திருத்துபவன். 'அலுமாரி' என்று எழுதினால் அரைப்புள்ளி குறைப்பவன். அச்சொற்கள் போர்த்துக்கேயர் விட்டுச்சென்றவை என்பது உண்மை. அவர்கள் விட்டுச்சென்றது நமக்கு மாத்திரமோ? சிங்களவரும் சப்பாத்தைச் 'சபத்து' என்பர். பாணைப் 'பாண்' என்பர். மேசை, அலுமாரி, சன்னல் எல்லாம் சிறு திரிபோடு அங்குமுண்டு. அந்நியன் தந்த அழுக்கென்று நான் கழுவிக்கொண்டிருந்த சொற்களே, அயலானோடு எனக்கு எஞ்சியிருந்த பொதுச்சொற்கள். தூய தமிழ் வேண்டாமென்று நான் சொல்லவரவில்லை. பாதணி நல்ல சொல்லே. இனியும் அதைக் கற்பிப்பேன். ஆனால் அரைப்புள்ளி குறைப்பதை நிறுத்திவிட்டேன்.

நம் முன்னோர் இவ்வளவு இறுக்கமாக இருந்தாரல்லர். திசைச்சொற்களுக்கு இடங்கொடுத்த நன்னூலுக்கு உரைகண்டோர், தமிழொழிந்த பதினேழு நிலங்களை அடுக்கும் பழைய செய்யுளொன்றைக் காட்டுவர். அப்பட்டியலிலே முதலாவது நிற்பது சிங்களம். இரண்டாவது சோனகம். சோனகர் என்று நாம் அரபுத் தொடர்புடையோரை வழங்குவதை நினைத்தால், அன்றிரவு மண்டபத்திலே நிகழ்ந்தது உரைகாரருக்குப் புதுமையாகத் தோன்றியிராது.

விமானத்துக்குக் காத்திருப்போர் உறவாடிய கதைகள் வேறும் உண்டு. 2001ஆம் ஆண்டு செப்டெம்பர் 11ஆந் திகதி அமெரிக்கா தன் வானை மூடியபோது, கனடாவின் நியூபவுண்லாந்துத் தீவிலுள்ள கேண்டர் என்னும் சிற்றூரில் 38 பிரயாணி விமானங்கள் இறக்கப்பட்டன. ஊரின் சனத்தொகை ஏறத்தாழப் பதினாயிரம். வந்திறங்கியோர் ஆறாயிரத்து ஐந்நூற்றுக்கும் அதிகம். பணிநிறுத்தம் செய்திருந்த பாடசாலைப் பேருந்துச் சாரதிகள்கூட மறியலை விட்டு வந்து அவர்களை ஏற்றியிறக்கினர். ஊரார் தம் வீடுகளையும் பாடசாலைகளையும் திறந்துவிட்டனர். பின்னர் அது நாடகமாகவும் ஆடப்பெற்றுப் புகழடைந்தது. அதைக் கேட்டு மனம் நெகிழாதார் இல்லை. ஆனால் கேண்டரிலே சந்தித்தோர் வெவ்வேறு தேசத்தார். அவர்கள் ஒருவர்க்கொருவர் அந்நியராயிருந்தது இயல்பு. கட்டுநாயக்காவிலே அந்நியராயிருந்தவர்கள் ஒரே ஊர்ப் பெயர்ப்பலகையை இரு எழுத்திலே வாசிப்பவர்கள்.

விமான நிலையத்துச் சிநேகத்தை நான் மிகைப்படுத்தவும் விரும்பவில்லை. அங்கே எவர்க்கும் காணி இல்லை. எவர் காணியையும் எவரும் கேட்கவில்லை. உத்தியோகமில்லை, தேர்தலில்லை. காணாமற்போன மகனைப் பற்றி வினவும் தாய் எவரும் அந்த மண்டபத்தில் இல்லை. நாட்டின் எல்லைக் கோட்டைத் தாண்டி, நாட்டை விட்டும் போகாத ஓரிடம் அது. அங்கே பேசுதல் எளிது. அந்த முதியவரும் நானும் வவுனியாவிலோ கொக்கிளாயிலோ சந்தித்திருந்தால் எங்கள் வாயில் முதலில் வந்திருக்கக்கூடியது காளிதாசனாயிருந்திராது. அரசியலாற் பிரிந்ததை இலக்கணப் புத்தகம் ஒட்டிவிடும் என்று நம்பும் பேதைமையை நான் கடந்துவிட்டேன். ஆனால், தனக்கு எதிரே இருப்பவன் தன்னைப் பற்றி என்ன சொல்கிறான் என்பதை அறியாமலே கோபிப்பதும் நேசிப்பதும் எத்தகையன என்பதையும் அன்றிரவு கண்டேன். கோபத்துக்கும் மொழி வேண்டும்.

நள்ளிரவு கடந்து கட்டார் வான் திறக்கப்பட்டது. எனினும் விமானங்கள் நிரைக்கு வர நேரம் பிடித்தது. முற்பகலிலே எங்களை அழைத்தனர். அழைப்பு மும்மொழியிலும் ஒலித்தது. மூத்தவள் இளையவளின் கையைப் பிடித்து எழுப்பி ஏதோ சொன்னாள்; அதில் எனக்குப் புரிந்தது 'அக்கா' என்ற ஒரு சொல். தன் தமக்கையொருத்தி குவைத்திலிருக்கிறாள், அவளுடைய இலக்கத்தை எழுதிக்கொள் என்றாளாம். அச்சொல் தமிழா, சிங்களமா என்று நான் ஆராயவில்லை.

யூலை நடுவிலே பாடசாலைக்குத் திரும்பி, வெள்ளிக்கிழமை ஏழாம் பாடவேளையை அதிபரிடம் ஒப்படைத்தேன். “எடுத்து என்ன செய்வது பண்டிதர்? ஆள் எங்கே?” என்றார். வலயக் கல்வி அலுவலகத்துக்கு விண்ணப்பம் போயிருக்கிறது. முன்னரும் பலமுறை போனதுதான். இடைக்காலமாக, கொழும்பிலே மேசன் வேலை செய்யும் தகப்பனிடம் சிங்களம் பழகிய ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் புத்தகத்தை உரக்க வாசிக்கிறான். மற்றைப் பிள்ளைகளோடு நானும் பின்வரிசையில் இருந்து எழுத்துக்கூட்டுகிறேன். என் 'ல'வும் 'ள'வும் அவனுக்குச் சிரிப்பாயிருக்கின்றன. சென்ற மாதம் பெற்றோர் இருவர் வந்து, பரீட்சைப் பிள்ளைகளுக்குத் தமிழ் மீட்டல் குறைந்துவிட்டதென முறையிட்டனர். அவர்கள் கேட்பதிலும் நியாயம் உண்டு. ஒருவாரம் விட்டு ஒருவாரம் என்று அதிபர் பிரித்திருக்கிறார்.